மூன்று விநாடிக் கை

மார்ச் 3

தம்பிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஹார்ட் டிஸ்க் மூன்றும் பத்திரம். பஞ்சை எடுத்து உதறிப் பார்த்தேன். அடியில் மடித்த காகிதம் எதுவும் இல்லை. முன்பெல்லாம் டிஸ்கைவிட உன் கடிதம்தான் கனமாக இருக்கும். நீ இருக்கும் தீவில் போன் எடுக்காது என்று தயாரிப்பாளர் சொன்னார். எடுத்தாலும் நீ என்னிடம் பேசமாட்டாய் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் வேலைக்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

இந்தப் படத்துக்குக் கலர் கரெக்‌ஷன் செய்ய ஒப்புக்கொண்ட பிறகுதான், கடலுக்குள் படம் பிடிப்பது நீ என்று அவர் சொன்னார். உன்னிடமும் அப்படித்தான் செய்திருப்பார். கெட்டிக்காரர்.

நாற்பத்தோரு ஷாட் பார்த்தேன். ஒன்றில்கூட வெள்ளை அட்டை இல்லை. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் சிவப்பு என்று ஒன்று கிடையாது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் முதலில் சிவப்பைத் தின்கிறது, பிறகு ஆரஞ்சை, பிறகு மஞ்சளை. அங்கே வெள்ளை எப்படித் தெரிகிறது என்று நீ ஓர் அட்டையைக் காட்டினால்தான், தின்றதையெல்லாம் நான் இங்கே கணக்குப் பார்த்துத் திருப்பி எடுக்க முடியும். அட்டை எங்கே?

கை இருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் மூன்று விநாடி, லென்ஸுக்கு முன்னால் உன் வலது கை. முதல் படத்தின்போது அட்டை என்று ஒன்று வேண்டும் என்பதே நம் இருவருக்கும் தெரியாது. "உன் கையைக் காட்டுடா, அந்த நிறம் எனக்குத் தெரியும்" என்றேன். இருபது வருடம் ஆகியும் நீ அதை விடவில்லை. நீலத்துக்குள்ளிருந்து மெல்ல வருகிறது, விரல்களைத் திறக்கிறது, போய்விடுகிறது. தூக்கத்தில் யாரோ எதையோ கேட்பதுபோல. நாற்பத்தோரு முறையும் பார்த்தேன். வேலைக்காகத்தான்.

எந்த ஷாட் எவ்வளவு ஆழம், எதில் விளக்கு போட்டாய் என்ற குறிப்பு வேண்டும். நீ நலம்தானே?

அக்கா


மார்ச் 12

அக்கா,

அட்டை இல்லை. கேட்காதே.

ஆழக் குறிப்பு தனித்தாளில் இருக்கிறது. நலம். கடிதத்தின் தலையில் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தாய். இருபது வருடம் 'தவளைக்கு' என்று எழுதினவள். தவளை செத்துவிட்டதா?

வேலைக்கு வேண்டியது மட்டும் என்றாயே, நானும் அதையே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வெளுத்துச் செத்த பவளப்பாறையை ஒரு மாதம் மூழ்கி மூழ்கி எடுத்து அனுப்பினேன். எலும்பு மாதிரி வெள்ளை. அரங்கில் உட்கார்ந்து பார்த்தால் இளஞ்சிவப்பு! வெட்கப்படுகிற கன்னம் மாதிரி. எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, அடுத்த லீவுக்கு இங்கதான் போகணும்." சாவு வீட்டுக்குச் சுற்றுலா. உன்னிடம் கேட்டால், 'நீ வெளிச்சத்தை அதிகம் விட்டு வெளுக்க வைத்துவிட்டாய், நான் சரி செய்தேன்' என்றாய். இந்த முறை அழகுபடுத்தாதே. இருப்பதை இருப்பதுபோல வை.

இந்தப் படத்தின் கதாநாயகி ஒரே ஒரு பெண் கணவாய் மீன். படகுக்காரர் அதற்கு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார். நான் மேலே வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு மேடம் மூடு எப்படி?" மணலில் முழங்கை ஊன்றிக் கிடப்பேன். இருபது நிமிடம் கழித்து மேடம் வருவார். உடம்பின்மேல் மேக நிழல் போவதுபோல நிறங்கள் போகும். மதியம் பாறை இடுக்கில் தூங்கும்போதும் போகும், தாறுமாறாக. கனவு காண்கிறது என்கிறார்கள். நான் நம்புகிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அதற்கு நிறமே தெரியாதாம். கண்ணுக்குக் கறுப்பு வெள்ளைதான். நிறம் தெரியாமலே நாள் முழுக்க நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறது. உன் தொழில்தான்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன்.

பவளம் பற்றி அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். வெளிச்சம் அதிகம். அதோடு அதை விடு.

பத்து நிமிடம் திருத்தி இந்த டிஸ்கில் அனுப்பியிருக்கிறேன், மாதிரிக்கு. அட்டை இல்லாததால் மணலைத்தான் வெள்ளைக்கு ஆதாரமாக எடுத்தேன். நிறங்களை வரைபடமாகக் காட்டும் ஸ்கோப்பை மட்டும் பார்த்து முதலில் திருத்தினேன். மணல் வெள்ளை என்று ஸ்கோப் சொன்னது. ஆனால் திரையில் உன் கை மஞ்சளாக இருந்தது. விளக்கு போட்ட ஷாட், போடாத ஷாட், எல்லாவற்றிலும். பிறகு என் கண்ணை நம்பி நீலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கடல் உயிர் பெற்றது. கைகூடப் பார்க்கும்படி ஆனது.

ஆனால் நான் நீலத்தைக் கூட்டியதால் உன் மஞ்சள் போய்விடாது. அப்பாவுக்கும் முதலில் உள்ளங்கைதான். பேப்பர் பிடித்திருந்த கையைப் பார்த்து நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. "அவளுக்கு எல்லாம் நிறம்தான்" என்று அப்பாவே சிரித்தார். ஐந்து மாதத்தில் கல்லீரல் முடிந்துவிட்டது. அப்போது நீ கடலில் இருந்தாய். உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

படகுக்காரர் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். அவர், அவர் மனைவி, நான்.

"இது எந்தக் கடல் தம்பி?" என்றார் அவர்.

"நம்ம கடல்தான்."

"நம்ம கடலா? முப்பது வருஷமா இதுல கிடக்கறேன், எனக்கே அறிமுகம் இல்லையே!"

அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சட்டைக்கு நீலம் அதிகமாப் போட்டுட்ட மாதிரி இருக்கு" என்றார்.

எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். திரையில் என் கை வந்தது. மூழ்கிப்போனவன் கை, அக்கா. கரையில் கொண்டுவந்து போட்ட கை. படகுக்காரர் மனைவி, "ஐயோ, கையை எடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்தக் கையைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பதினெட்டு மீட்டரில் கடல் இப்படி நீலமாக இருக்காது. மேசைக் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்து அதன் விளிம்பைப் பார்த்திருக்கிறாயா? அந்தப் பச்சை. அதற்குள் கொஞ்சம் சாம்பல். சத்தமெல்லாம் எங்கோ பக்கத்து அறையில் நடப்பதுபோல இருக்கும். அந்த நிறத்துக்குள் இறங்கினால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வருகிறது. அதைத்தான் நீ வெளுத்து நீலம் போட்டிருக்கிறாய்.

மறுபடியும் அதையே செய்கிறாய். இப்படி ஒரு படம் கிடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. இந்தப் படம் உன் கையிலிருந்து இப்படி வெளியே போகக்கூடாது. வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதப் போகிறேன்.

என் ரத்தத்துக்கு ஒன்றும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

மனிதர் முகத்தையெல்லாம் செங்கல் நிறத்தில் காட்டும் டிவியை வைத்துக்கொண்டு எனக்குத் தீர்ப்பு எழுதாதே. நான் பார்ப்பது ஒவ்வொரு மாதமும் அளந்து சரிபார்க்கப்படும் மானிட்டர். சுவர்கூடச் சாம்பல் நிறம். நான் கறுப்பு உடுப்பு தவிர வேறு எதுவும் போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போவதில்லை.

ஆனாலும் நியாயத்துக்காகப் பக்கத்து அறை ஒலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்படி இருக்கு?"

"மேடம், நான் காதை வச்சுப் பொழைக்கிறவன், என்னை விட்ருங்க."

"சும்மா சொல்லுங்க."

குனிந்து திரையைப் பார்த்தார். "கொஞ்சம் குளிருது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடல் என்றால் குளிரத்தான் செய்யும்.

தயாரிப்பாளருக்குத் தாராளமாக எழுது. ஆனால் உன் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை டிஸ்க் என் அலமாரியைவிட்டு நகராது. மிரட்டல் என்றே வைத்துக்கொள். உன் படத்தைவிட எனக்கு உன் கல்லீரல் முக்கியம்.

நீ நம்பாவிட்டால் நிரூபிக்கவும் முடியும். உன்னிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு படத்திலும் வெட்டி எறிய வேண்டிய அந்த மூன்று விநாடிகளை நான் எறிந்ததே இல்லை. திருத்திய நிறத்தோடு எல்லாம் இருக்கிறது, உன் இருபத்து மூன்று வயதிலிருந்து. வரிசையாக ஒட்டிக் காட்டுகிறேன். மஞ்சள் எந்த வருடம் ஏறியது என்று நீயே பார்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

முடிவு உள்ளே இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. கல்லீரலுக்கு நேரே டாக்டர் இரண்டு கோடு போட்டு, 'மிக நன்று' என்றே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படி யாரும் எழுதியதில்லை.

ரத்தம் எடுத்த பெண் கேட்டார், "எதுக்கு டெஸ்ட்? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. எங்க அக்கா என் கையை டிவில பாத்துட்டு மஞ்சளா இருக்குன்னு சொல்றாங்க."

"அக்கா டாக்டரா?"

"இல்ல. கலர் கரெக்‌ஷன்."

அவர் ஊசியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். என்னை மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பலாமா என்று யோசித்திருப்பார்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் முடிவு வரும்வரை இரண்டு நாள் பயந்தேன். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழாயில் என் ரத்தம் ஏறியபோது, 'இவ்வளவு சிவப்பா' என்றிருந்தது. நான் என் ரத்தத்தை அதிகம் பார்த்தது கடலுக்கடியில்தான், பாறை கிழித்து. அங்கே அது பச்சைப் புகைபோலப் போகும்.

பயத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று தோன்றியது. வெள்ளை அட்டையை முதல் நாள் முதல் டைவிலேயே தொலைத்துவிட்டேன். மேடத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கையிலிருந்து நழுவிவிட்டது. இருபது வருட அனுபவசாலி. உன்னிடம் சொல்ல வெட்கம்.

தயாரிப்பாளருக்கு எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. உன் கை வரிசையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். என் கை மஞ்சள் இல்லை என்றால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

தம்பி


ஏப்ரல் 30

தவளைக்கு,

உன் கேள்வி வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

பழைய படங்களின் கைகளை, படத்துக்குச் சில என்று பொறுக்கி ஒட்டினேன். நூற்றுப் பத்தொன்பது கைகள், ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை வேளை, கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டேன். நீலத்திலிருந்து ஒரு கை வருகிறது, விரிகிறது, கரைகிறது. அது கரையும் இடத்திலேயே அடுத்தது. முதலில் மெலிந்த கை, நகம் கடித்த கை. பிறகு கட்டைவிரலில் கயிறு அறுத்த தழும்பு. பிறகு மோதிரம். நான்கு படங்களுக்கு மோதிரம், பிறகு மோதிரம் இருந்த வெளிறிய வளையம், பிறகு அதுவும் இல்லை. நீ எனக்கு எழுதாததையெல்லாம் கை சொல்லிக்கொண்டு போனது. நான் ஒரே ஒரு வருடத்தைத்தான் தேடினேன், மஞ்சள் ஏறிய வருடத்தை.

எல்லாமே மஞ்சள். நூற்றுப் பத்தொன்பதும். நகம் கடித்த அந்த முதல் கையும். நானே திருத்தி, நானே சரி என்று கையெழுத்துப் போட்ட நிறங்கள். இருபத்து மூன்று வயதில் உனக்கு மஞ்சள் காமாலை இல்லை. அப்படியென்றால் மாறாத கையை மாற்றிப் பார்ப்பது யார்? நான் எதையும் சந்தேகப்படுகிறவள் என்று நீ கேலி செய்வாய். சந்தேகப்பட விட்டுப்போனது ஒன்றே ஒன்று.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை.

"நாப்பத்தெட்டு வயசுல வருமா டாக்டர்?"

"சிலருக்கு வரும். உங்களுக்கு வந்திருக்கு. எத்தனை நாளா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரே நாள்."

"கண்ணுக்குத் தெரிஞ்சு மூணு நாலு வருஷம் இருக்கும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டே பாத்திருக்கீங்க."

கடலுக்கு நீலம் போட்டது நான்தான். படகுக்காரர் மனைவி சொன்னது சரி. ஒலிக்காரர் சொன்னதும். உன் கணவாய் வரியும்கூட.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மூன்று நாலு வருடம் என்று டாக்டர் சொன்னதும் முதலில் நான் நினைத்தது அந்தப் பவளத்தை. பழியைத் தூக்கிக் கண்ணின்மேல் போட்டுவிடலாம். நீயும் நம்புவாய். மாட்டேன். அன்று ஸ்கோப் தெளிவாகச் சொன்னது: வெள்ளை. வெளிச்சம் மிஞ்சி எரிந்துபோகாத, அளவுக்குள் இருக்கிற வெள்ளை. 'நாப்பது நிமிஷம் இந்த வெள்ளையை யாரு பாப்பாங்க' என்று அந்தப் படத்தின் தயாரிப்பாளர் கேட்டார். எனக்கும் பார்க்க முடியவில்லை. சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். ஏற்ற ஏற்ற உயிர் வருவதுபோல இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. பிறகு நீ கேட்டபோது உன்மேல் பழி போட்டேன். உன் வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது. மூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

படத்தை வேறு ஒருவரிடம் கொடுக்கும்படி தயாரிப்பாளரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ எழுத வேண்டாம். அறுவைக்குப் பிறகு எந்த அளவுக்குத் தெரியும், இந்தத் தொழில் இருக்குமா, தெரியாது. டிஸ்குகளை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அக்கா


மே 8

அக்கா,

டிஸ்கைத் திரும்ப அலமாரியில் வை. யாருக்கும் கொடுக்காதே.

தயாரிப்பாளருக்கு எழுதியது சட்டையோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது. வேண்டுமென்றே சட்டைப்பையைப் பார்க்காமல் போட்டேன். படத்தை ஜூன் கடைசி வரை தள்ளிப்போட முடியுமா என்று படகுக்காரரின் ரேடியோ வழியாகத் தயாரிப்பாளரிடம் கேட்டேன். மேடம் முட்டையிடப் போகிறார், அதுவும் படத்தில் வேண்டும் என்றேன். பொய்தான். ஆனால் மறுநாளே மேடம் ஒரு பாறைக்குள் போய் அதை உண்மையாக்கிவிட்டார்.

கணவாய் வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. தெரிந்து எழுதவில்லை. தெரியாமல் எழுதியது இவ்வளவு சரியாகக் குத்தும் என்று தெரியாது.

பவளம். நீ சாயம் பூசினதுக்கு நான் மூன்று வருடம் கோபமாக இருந்தேன் என்றா நினைத்தாய்? அது ஒரு மாதத்தில் போயிருக்கும். நான் வெளிச்சம் விடத் தெரியாதவன் என்றாயே, அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு டைவிலும் அளவை இரண்டு முறை பார்த்தேன். கீழே போனால் மேல் உலகத்து ஆள் யாரும் கூட வரமாட்டார்கள்; நீ வருவாய். தோளுக்குப் பின்னால் நின்று 'சரியா விட்டியாடா' என்பாய். 'உன் வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது' என்ற உன் வரியை இரண்டு தடவை படித்துவிட்டு இன்றைக்கு இறங்கினேன். அளவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

அறுவைக்குப் போ. பயமாக இருந்தால் அந்த மேசைக் கண்ணாடி விளிம்பை நினைத்துக்கொள்.

தவளை


மே 27

தவளைக்கு,

வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவசரமில்லை.

கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது எதிர்வீட்டு மாடியில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி. அது நீலம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு நீலம் என்று தெரியாது. இடது கண்ணால் பார்த்தால் அதே வாளி டிகாக்‌ஷனில் நனைத்து எடுத்ததுபோல இருக்கிறது. ஒரே முகத்தில் இரண்டு வீடு. நாளெல்லாம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறேன். ஒலிக்காரர், "மேடம், யாருக்கு இவ்ளோ கண்ணடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் அனுமதித்த நாளில் உன் கடலைத் திறந்தேன். வலது கண்ணால் நான் செய்த பத்து நிமிடத்தைப் பார்த்தேன். மன்னிப்பே கிடையாது. அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்தேன். நீ சொன்ன பச்சையை எங்கே தேடுவது என்று தெரியாமல் கடைசியில் மேசைக் கண்ணாடியைக் கழற்றி மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். மெல்ல மெல்ல, ஒரு மதியம் முழுக்க, அது வந்தது. சாம்பல்கூட. உன் கணவாய் இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தோலில் நிறங்கள் போயின. நான் நாற்காலியில்தான் இருந்தேன். ஆனால் சத்தமெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. மூச்சு ஒழுங்காக வந்தது.

கடல் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். கைதான் சிக்கல். ஸ்கோப் ஒன்றைச் சொல்கிறது, வலது கண் ஒத்துக்கொள்கிறது. ஆனால் எதோடு ஒப்பிடுவது? 'அந்த நிறம் எனக்குத் தெரியும்' என்றேனே, அது இருபது வருடத்துக்கு முன்னால். மூன்று வருடமாக உன் கையை நான் பகல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

வேலைக்காகத்தான் கேட்கிறேன். ஒரு நாள் வந்து அந்தக் கையை மானிட்டருக்குப் பக்கத்தில் வை.

அக்கா


ஜூன் 4

அக்கா,

இந்தப் பெட்டியில் ஒரே ஒரு டிஸ்க், ஒரே ஒரு ஷாட். முதலில் அதைப் பார்.

அட்டை கிடைத்துவிட்டது. மேடம் முட்டையிட்ட பாறைக்குள் விளக்கை நீட்டினேன். உள்ளே சாய்ந்து நிற்கிறது நம் வெள்ளை அட்டை. வெள்ளையே இல்லை. நான்கு மாதத்தில் பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. அதன் விளிம்பெல்லாம் முட்டைகள், கறுப்புத் திராட்சைக் குலைபோல. மேடம் எங்கும் காணோம். முட்டையிட்டதும் அதன் ஆயுசு முடிந்துவிடும். படகுக்காரர் "மேடம் மூடு எப்படி?" என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் போட்டார்.

அட்டையை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. உப்பித் தோல் மெலிந்த ஒரு முட்டைக்குள் நகத்தளவு குஞ்சு ஒன்று விளக்கைப் பார்த்ததும் வெள்ளையானது, பிறகு பழுப்பு, பிறகு மறுபடியும் வெள்ளை. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. அதனால் இந்த ஷாட்டுக்கும் அட்டை கிடையாது, கைதான்.

வியாழக்கிழமைப் படகில் வருகிறேன். உன் அறைக்குக் கறுப்புச் சட்டை ஒன்று கடன் வாங்கியிருக்கிறேன், படகுக்காரருடையது, தோள் தொங்குகிறது. கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவேன். பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள். மூன்று விநாடியில் எடுத்துவிட மாட்டேன்.

தவளை